இடம் மாறிய நிச்சயம்

"இன்னொரு தடவை நினைங்க சார். அந்தக் குளியலறை. கதவு உள்பக்கமா தாழ் போட்டிருக்கு. நீங்க தரையில உக்காந்திருக்கீங்க."

"நினைச்சுட்டேன்மா."

"எங்க சார்? கம்ப்யூட்டர்ல கோடு அசையவே இல்லையே."

"நான் என்ன பண்றது பௌசியா? இப்ப அந்தக் குளியலறையை நினைச்சா, குழாய் ஒழுகிட்டே இருந்ததுதான் ஞாபகம் வருது. பிளம்பரைக் கூப்பிட்டிருக்கலாம்னு தோணுது."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சுந்தரவல்லி சிரித்துவிட்டாள். பக்கத்திலிருந்த இயக்குநர் கார்வண்ணன் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி குருபரன், தலையில் வலை போன்ற ஒரு தொப்பியோடு, முடி வெட்டிக்கொள்ள வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

சினிமாவில் படம், ஒலி என்ற இரண்டோடு மூன்றாவதாக உணர்தடம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தியேட்டர் நாற்காலியில் ஒரு மெல்லிய பட்டை தொங்கும். அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டால், திரையில் இருப்பவன் உணர்ந்ததெல்லாம் பார்ப்பவனுக்கும் ஏறும். கதாநாயகி பயந்தால் நீங்களும் பக்கத்து நாற்காலியைப் பிடிப்பீர்கள். பத்திரிகைக்காரர்கள்தான் உணர்தடம் என்று எழுதினார்கள். ஸ்டுடியோக்கள் நிறைந்த சாலிகிராமத்தில் எல்லோருக்கும் அது 'ஃபீல்'. 'அந்த சீன்ல ஃபீல் பத்தலை', 'ஹீரோ ஃபீல் தரமாட்டேங்கறார்' என்றுதான் பேச்சு.

இந்தப் படத்தின் ஹீரோ நிஜமாகவே தரவில்லை. குருபரனின் வாழ்க்கைக் கதையில் குருபரனாக நடிப்பவர் அவர். மனம் பேதலிக்கிற காட்சியில் எடிட்டர் பௌசியா அவருடைய ஃபீலைப் போட்டுப் பார்த்தால், பசியும் கொஞ்சம் முதுகுவலியும்தான் வந்தன. அதனால் கதைக்குச் சொந்தக்காரனையே கூட்டி வந்து தொப்பி மாட்டியிருந்தார்கள்.

கூட்டம் ஒரு வாசலில் எப்படி நெரிகிறது, எங்கே எவ்வளவு தடுத்தால் நெரியாமல் போகும் என்பதற்கு ஒரு தேற்றம் கண்டுபிடித்தவன் குருபரன். இன்றைக்கு ரயில் நிலையங்களிலும் திருவிழாக்களிலும் அவன் கணக்குப்படிதான் தடுப்பு வைக்கிறார்கள். அதற்கு முன்னால், இளம் வயதில், அவனுக்கு மனச்சிதைவு வந்தது. ஆஸ்பத்திரி, மாத்திரை, மறுபடி ஆஸ்பத்திரி. கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா வல்லிதான் கூட இருந்தாள். டப்பிங் பேசிச் சம்பாதித்தாள். பைத்தியக்காரச் சிரிப்பு வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தம்பி வார்டில் இருந்த நாட்களிலேயே அவள் போய்ச் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"என் வார்டுல ஒருத்தர்கூட அப்படிச் சிரிக்கலை அக்கா. உனக்கு எங்கேருந்து அந்தச் சிரிப்பு கிடைச்சுது?" என்று பிற்பாடு அவன் கேட்பான்.

"டைரக்டர் சிரிச்சுக் காட்டினார்டா."

"அப்ப அவரைத்தான் சேர்த்திருக்கணும்."

இந்தப் படத்துக்கு அவன் சம்மதித்ததற்கு ஒரே காரணம்தான் சொன்னான். "வியாதின்னா உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னு நாலு பேர் உணரட்டுமே. உணர்ந்தா, நான் வரும்போது எதிர்வீட்டுக்காரர் பிள்ளையை உள்ள இழுத்துக்க மாட்டார்."

கார்வண்ணன் மைக் பொத்தானை அழுத்தினார். "சார், ஒரு சின்ன பிரேக். வெளிய வாங்க, பேசுவோம்."

டீ வந்தது. குருபரன் சர்க்கரை இல்லாததை எடுத்துக்கொண்டான்.

"சார், நேராவே கேட்டுடறேன்" என்றார் கார்வண்ணன். "எல்லாம் நீர்த்துப்போய் வருது. மாத்திரை அமுக்குது. டாக்டர் கண்காணிப்புல, ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் நிறுத்திட்டு வந்தீங்கன்னா..."

"முடியாது" என்றாள் வல்லி.

"சாரைக் கேட்டேன் வல்லிம்மா."

"சாரும் அதேதான் சொல்றார்" என்றான் குருபரன். "கார்வண்ணன், நான் அங்க ஒரு தடவை போயிட்டு வந்திருக்கேன். ஊர் நல்லா இல்லை."

"படம் நிக்குது சார். கிளைமாக்ஸ் தேற்றம் கண்டுபிடிக்கற சீன். குளியலறைச் சுவர் பூரா எழுதறார், எழுதறார், எண்ணெல்லாம் எழுந்து ஆடுது, தேற்றம் பொறக்குது. அங்க தியேட்டரே தூக்கிப் போடணும்."

"ஆனா சுவர்ல நான் எழுதினது தேற்றம் இல்லையே. பஸ் நம்பர்."

"என்னது?"

"பஸ் நம்பர். பன்னெண்டு பி, நாப்பத்தேழு ஏ, பதினேழு எம். ஜன்னல் வழியா எது போனாலும் எழுதுவேன். எனக்குச் சேதி அனுப்பறாங்கன்னு நினைச்சேன். போக்குவரத்துக் கழகம் எனக்கு லெட்டர் போடறதா நினைச்சேன். தேற்றம் கண்டுபிடிச்சது ரொம்பப் பின்னாடி. உடம்பு சரியாகி, ஒழுங்கா மாத்திரை போட்டு, தூங்கி, சாப்பிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு."

கார்வண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மாத்திரை போட்டார், சாப்பிட்டார், தூங்கினார், கண்டுபிடிச்சார்னு எடுத்தா யார் சார் வந்து பார்ப்பாங்க?"

"நான் பார்ப்பேன்" என்றாள் வல்லி. "முந்தியெல்லாம் பைத்தியம்னா காமெடி. தலையில சட்டி, கையில கல்லு. அப்புறம் வில்லன். இப்ப மேதை. நடுவுல ஒருத்தன் மாத்திரையைப் போட்டுக்கிட்டு டிபன்பாக்ஸைத் தூக்கிட்டு வேலைக்குப் போறான் பாருங்க, அவனை மட்டும் யாரும் எடுக்கறதில்லை."

"நான் மரியாதையாத்தானேம்மா காட்டறேன்."

"முந்தி கல்லால அடிச்சாங்க. நீங்க மாலையால அடிக்கறீங்க."

பௌசியா அதுவரை தன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உணர்தடம் வெட்டி ஒட்டுவதில் அவளை விட்டால் ஆள் இல்லை என்று பெயர். திரும்பி, "சார், இப்ப பஸ் நம்பர்னு சொன்னீங்களே, தொப்பியைக் கழட்ட மறந்துட்டீங்க. கோடு எகிறிடுச்சு. என்ன நினைச்சீங்க?" என்றாள்.

குருபரன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"பயம்னு எல்லாரும் நினைக்கறாங்க. பயம் ஓரத்துலதான். நடுவுல இருக்கறது வேற. எல்லாம் பொருந்தும்மா. ஒவ்வொரு பஸ்ஸும், ஒவ்வொரு ஹாரனும், எதிர்வீட்டு அம்மா கொடியில போடற துணியும். இதுதான், இதேதான்னு ஒரு நிச்சயம். அந்த மாதிரி நிச்சயம் அதுக்கப்புறம் என் வாழ்க்கையில எதுலயும் வந்ததில்லை."

"தேற்றம் வந்தப்பகூடவா?"

"அப்பவா? அப்ப பூரா சந்தேகம்தான். தேற்றம்ங்கறது சந்தேகப்பட்டு, சந்தேகப்பட்டு, கடைசில சந்தேகப்படறதுக்கு இடம் இல்லாமப் போறது. அலுப்பா இருக்கும். கழுத்து வலிக்கும்."

அவன் பேசும்போது பதிவான நிச்சயம், சந்தேகம் இரண்டையும் பௌசியா பட்டையில் போட்டு இயக்குநரிடம் நீட்டினாள். அவர் ஒட்டிக்கொண்டார். முதலாவதில் அவர் கண்கள் விரிந்தன, மூச்சு நின்றது. இரண்டாவதில் கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டார்.

"இதை வெச்சுக்கிட்டு தேற்றம் சீன் எப்படிம்மா பண்றது? கொட்டாவி வருது. அந்த முதல் ஃபீல் மட்டும் தேற்றத்துக்கு வந்திருந்தா... சார், ஒரு மூணு நாள் மாத்திரையை..."

"திரும்பத் திரும்ப அங்கேயே வராதீங்க" என்று குறுக்கிட்டாள் வல்லி. "உங்களுக்கு என்ன வேணும்? தேற்றம் சீன்ல அந்த நிச்சயம் வேணும், அவ்வளவுதானே? இந்த பஸ் நம்பர் ஃபீலை எடுத்து அங்க போட்டுக்கோங்க. யார் வேணாம்னா? என் தம்பி மாத்திரையைத் தொடாதீங்க."

கார்வண்ணன் மேசையைத் தட்டினார். "அம்மா, நீங்க பழைய ஆளுன்னு நிரூபிச்சுட்டீங்க!"

அந்தத் தொழிலில் அது புதிதல்ல. ஒரு ரீலில் அழுததை வெட்டி இன்னொரு ரீலில் ஒட்டுவது வல்லிக்கு இட்லிக்குத் தண்ணீர் தெளிப்பது மாதிரி. ஒரு படத்தில் புருஷன் செத்ததற்கு அழவேண்டிய நடிகைக்கு அழுகை வராமல், நாய்க்குட்டி தொலைந்த காட்சிக்கு வல்லி அழுதிருந்ததை எடுத்துப் போட்டார்கள். ஊரே அழுதது.

"அது பொய் இல்லையா அக்கா?" என்று கேட்டான் குருபரன்.

"சினிமாடா. யாரோ அழுதது யாரோ மூஞ்சில போய் உக்காரும். அதனால செத்தவன் எழுந்து வந்துடறானா?"

"வரமாட்டான்" என்று யோசித்துச் சொன்னான். "சரி, போட்டுக்கோங்க."

வல்லி நிம்மதியாக டீயைக் குடித்தாள். தம்பியைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள்.

*

படம் முடிந்து, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு மதியக் காட்சி போட்டார்கள். வல்லி பட்டையை ஒட்டிக்கொள்ளவில்லை. அதைப் போட்டால் அவளுக்கு மண்டையை இடிக்கும். குருபரன் ஒட்டிக்கொண்டான்.

"என் மூளைதானே, எனக்கே போட்டுக் காட்டறாங்க. இதுக்கும் டிக்கெட் கேட்டா கொடுமை" என்றான்.

குளியலறைக் காட்சி வந்தது. ஹீரோ கரியால் சுவரில் எழுதினார். எண்கள் நகர்ந்து, கோடுகள் சேர்ந்து, கடைசியில் ஒரு சமன்பாடு தங்கமாக ஒளிர்ந்தது. அரங்கத்தில் நூறு பேர் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். வல்லி திரையைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். அவன் கை நாற்காலியின் பிடியை இறுக்கியிருந்தது. முகத்தில் ஒரு பிரகாசம். அந்தப் பிரகாசத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். எங்கே என்று அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆட்டோவில் திரும்பினார்கள். வடபழனி சிக்னலில்தான் அவன் வாயைத் திறந்தான்.

"அக்கா, அப்படித்தானே இருந்தது?"

"எது?"

"சுவர்."

"என்னடா சுவர்? அதான் பஸ் நம்பர்னு நீயே சொன்னியே."

"சொன்னேன்." ஒரு பஸ் பக்கத்தில் வந்து நின்றது. அவன் அதன் நெற்றியைப் பார்த்தான். "ஆனா உள்ள இருந்தது அதுதான். கணக்கு அப்பவே வந்துடுச்சு. அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு நான் பண்ணினது சரிபார்க்கற வேலை."

"குருபரா, நீ தொப்பி மாட்டிக்கிட்டு எதிர்ல உக்காந்து சொன்னதுடா. சந்தேகம், அலுப்பு, கழுத்து வலி."

"அதை மாத்திரை சொல்லிச்சு அக்கா."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் இருவரையும் பார்த்தார். வல்லி வாயை மூடிக்கொண்டாள்.

படம் வெளியாகி ஓடு ஓடென்று ஓடியது. இளைஞர்கள் வீடு தேடி வந்தார்கள். "சார், உங்க மனசுக்குள்ள இருந்துட்டு வந்தோம் சார்" என்று காலைத் தொட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை, தானே தூக்கிக்கொண்டு வந்து, "ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார். குருபரன் அந்தக் குழந்தையின் தலையில் கையை வைத்து, ஏதோ எண்ணைச் சொன்னான்.

அன்றைக்கு வல்லி அவன் அலமாரியைத் திறந்து பார்த்தாள். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் இருந்தன.

"எவ்வளவு நாளாடா?"

"படம் பார்த்ததுலேருந்து. ஒளிச்சு வெக்கலை. நீ கேக்கலை, நான் சொல்லலை."

"இப்ப போடு. என் கண்ணு முன்னாடி."

"அக்கா, உக்காரு. பதறாதே. எனக்குக் கோபமில்லை. மாத்திரையைப் போட்டா அந்த நிச்சயம் வராது. இத்தனை வருஷமா நான் என்ன பண்ணேன்? ஒரே ஒரு தேற்றம். அதுவும் மாத்திரைக்கு முந்தி வந்தது. அதுக்கப்புறம் மந்தமாயிட்டேன். நீயும் டாக்டரும் நல்லதுக்குத்தான் பண்ணீங்க. ஆனா இவ்வளவு பெரிய கதவை இவ்வளவு சின்ன மாத்திரையால மூடிட்டீங்க."

"அந்தச் சுவரோட போட்டோ இருக்குடா எங்கிட்ட. வீட்டு ஓனர், சுவர் பாழாயிடுச்சுன்னு சண்டைக்கு எடுத்தது. பாரு. பன்னெண்டு பி. நாப்பத்தேழு ஏ. இதுல எங்க இருக்கு தேற்றம்?"

அவன் போட்டோவை வாங்கி, வெகுநேரம், அன்போடு பார்த்தான்.

"இங்கதான் இருக்கு அக்கா. உனக்குத் தெரியலை" என்றான்.

வல்லி சமையலறைக்குள் போய் டாக்டர் மெஹருன்னிசாவுக்கு போன் செய்தாள். பல வருடங்களாக அவனைப் பார்த்து வருபவர்.

"கூட்டிட்டு வா வல்லி."

"வரமாட்டேங்கறான் டாக்டர். சண்டைகூடப் போடலை, சிரிக்கறான்."

"இங்கயும் அதே கதைதான். ஒழுங்கா இருந்த பசங்க நிறுத்திட்டு வர்றாங்க. 'எனக்குள்ள ஒண்ணு இருக்கு டாக்டர், நீங்க அமுக்கிட்டீங்க'ங்கறாங்க. படத்துல பார்த்தேன்னு சொன்னா பேசிப் புரியவெச்சிடுவேன். உணர்ந்தேன்னு சொல்றாங்க. உணர்ந்ததை எப்படி இல்லைன்னு சொல்றது? அந்த ஃபீலை அங்க யாரு போட்டது?"

வல்லி போனை வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

கார்வண்ணன் அலுவலகத்தில் கேடயங்கள் வைக்க இடமில்லாமல் தரையில் இருந்தன.

"படத்தை நிறுத்துங்க. இல்லை அந்த சீனை மாத்துங்க" என்றாள் வல்லி.

"அம்மா, ஐடியா கொடுத்ததே நீங்க."

"ஆமா. நான்தான். அதனாலதான் வந்திருக்கேன்."

"ஓடற படத்துல எப்படிம்மா..." அவர் குரல் இறங்கியது. "என் பெரியப்பாவைக் கொல்லையில சங்கிலியில கட்டி வெச்சிருந்தாங்க. சோத்தைத் தட்டுல தள்ளுவாங்க. நான் எட்டி நின்னு பார்ப்பேன். ஒருத்தராவது, இந்த மனுஷனுக்குள்ள ஏதோ பெரிசா இருக்குன்னு நினைச்சிருந்தா கட்டியிருக்க மாட்டாங்க இல்ல? அதுக்குத்தாம்மா இந்தப் படம்."

"இருந்துதா?"

"என்ன?"

"பெரியப்பாக்குள்ள. ஏதாவது பெரிசா இருந்துதா?"

"தெரியாதும்மா" என்றார் அவர்.

"ஒண்ணும் இல்லைன்னாலும் கட்டியிருக்கக் கூடாது கார்வண்ணன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் படத்தை நிறுத்தவில்லை.

பௌசியா அப்படி இல்லை. வல்லி சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறியது.

"ஒட்டினது நான்தானேக்கா. என்ன பண்ணணும் சொல்லுங்க."

"அவனோட அந்தச் சந்தேக ஃபீல் உங்கிட்ட இருக்கா? தேற்றத்தோடது, அலுப்பா இருந்துதே?"

"நிறைய இருக்கு. டைரக்டர் எடுத்துக்கவே இல்லை."

"அந்தச் சுவர் சீன்ல நிச்சயத்தை உருவிட்டு இதைப் போட்டுக் கொடு. அவனுக்கு மட்டும் போட்டுக் காட்டப் போறேன்."

பௌசியா உடனே கையை வைக்கவில்லை. "அக்கா, ஒண்ணு யோசிச்சுக்கோங்க. பாட்டுல ஒரு வார்த்தைக்கு மட்டும் எக்கோ போடச் சொன்னா போட்டுடுவேன். இது அப்படி இல்லை. மனசுக்குள்ள போனா எதுல போய் ஒட்டும், எங்க நிக்கும்னு என்னால சொல்ல முடியாது. இப்ப சாருக்குச் சுவரும் தேற்றமும் ஒண்ணாயிடுச்சு. நீங்க சுவர் மேல சந்தேகத்தைப் பூசினா..."

"தேற்றத்து மேலயும் படுமா?"

"படலாம்."

"போடலைன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் பௌசியா. நான் அந்தக் குளியலறைக் கதவை உடைச்சவ."

பௌசியா வேலையை ஆரம்பித்தாள்.

தம்பிக்குத் தெரியாமல் செய்ய வல்லிக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து நேராகச் சொன்னாள். அவன் பால்கனியில் நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. சில நாட்களாகவே சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறான், கன்னம் ஒட்டியிருந்தது.

"டேய், அன்னைக்கு அந்த சீன்ல ஃபீலை மாத்திப் போட்டது நான் சொல்லித்தான். இப்ப மறுபடியும் மாத்தச் சொல்லியிருக்கேன். அதுல உன்னோட சந்தேகம் இருக்கு. ஒரே ஒரு தடவை வந்து பாரு. பார்த்துட்டும் மாத்திரை வேண்டாம்னு சொன்னா, நான் அப்புறம் கேக்கமாட்டேன்."

அவன் சிரித்தான். "பயந்துட்டியா?"

"ஆமா."

"எனக்குப் பயமில்லை. சரியான நிரூபணம்னா எந்தச் சந்தேகத்தையும் தாங்கும். தாங்கலைன்னா அது நிரூபணமே இல்லை. வா, போகலாம்."

நிச்சயம் இருந்ததால்தான் அவன் வந்தான். துளி தயக்கம் இருந்திருந்தால் வந்திருக்கமாட்டான்.

ஸ்டுடியோவில் அவனே பட்டையை எடுத்து ஒட்டிக்கொண்டான். திரையில் அதே சுவர், அதே கரி, அதே தங்கச் சமன்பாடு. வல்லி இந்த முறையும் அவன் முகத்தைத்தான் பார்த்தாள். பிரகாசம் உடனே போகவில்லை. முதலில் புருவம் ஒன்று சேர்ந்தது. பிறகு கை தன்னை அறியாமல் பின்கழுத்துக்குப் போய்த் தேய்த்தது. காட்சி முடிவதற்குள், வெளிச்சம் குறைந்த வீடு மாதிரி ஆகிவிட்டது முகம்.

"என்னடா?"

"இன்னொரு தடவை போடச் சொல்லு."

பௌசியா போட்டாள். முடிந்ததும் அவன் பட்டையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, இதெல்லாம் பஸ் நம்பர் மாதிரி இருக்கே" என்றான். குரல் குழந்தையுடையதாக இருந்தது. "வீட்டுக்குப் போலாமா? பசிக்குது."

வல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அழுதது படியிறங்கும்போதுதான். பௌசியா மேலே கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை.

*

மாத்திரை மறுபடி வேலை செய்யக் கொஞ்ச காலம் பிடித்தது. மழைக்காலம் முடிவதற்குள் குருபரன் தேறிவிட்டான். தூங்கினான். சட்டைப் பொத்தான் நேராக வந்தது. சாம்பாரில் உப்பு இல்லை என்று குறை சொன்னான். வல்லி அதற்குக்கூடச் சந்தோஷப்பட்டாள்.

ஒரு காலை, ஒரு கல்லூரியிலிருந்து போன் வந்தது. தேற்றத்தைப் பற்றிப் பேச அழைத்தார்கள். அவன் மரியாதையாக மறுத்துவிட்டு வைத்தான்.

"ஏண்டா? உடம்பு நல்லாத்தானே இருக்கு."

"உடம்புக்கு ஒண்ணுமில்லை."

"அப்புறம்?"

"அது நான் பண்ணினதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியலை அக்கா. தெரியாம மேடை ஏறக்கூடாது."

வல்லி கையிலிருந்த கரண்டியை வைத்தாள். "என்ன சொல்றே? உன் பேர்லதான்டா அந்தத் தேற்றம் இருக்கு."

"பேர் போடறது யாரு வேணாலும் போடலாம். படத்துலகூட என் பேர்தான் போட்டிருந்தாங்க. நேத்து அதை முழுசா எடுத்துப் படிச்சேன். அழகா இருக்கு. ஒவ்வொரு வரியும் புரியுது. ஆனா படிக்கும்போது, யாரோ ஒருத்தர் நல்லா யோசிச்சிருக்கார்னுதான் தோணுது. நான் யோசிச்சேன்னு தோணவே இல்லை."

"நான் பார்த்தேன்டா. எங்கிட்ட கேளு, நான் சொல்றேன்." அவள் நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "ரேஷன் கடைக்குப் போயிருந்தே. நல்ல வெயில். வாசல்ல ஒரே தள்ளுமுள்ளு. கடைக்காரர் ஒரு அரிசி மூட்டையைக் கொண்டுவந்து வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடி குறுக்கால போட்டார். கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு, தள்ளாம உள்ள போச்சு. தடுத்தா எப்படி வேகமாப் போகும்னு நீ அங்கேயே நின்னுட்டே. உன் முறை வந்துகூட உள்ள போகலை. வெறும் பையோட வந்தே. நான், சர்க்கரை எங்கடான்னு கத்தினேன். நீ, அக்கா, ஒரு மூட்டைன்னு சொன்னே. அப்புறம் மாசக்கணக்கா அதையே வெச்சுக்கிட்டு மல்லாடினே. தப்பு தப்புன்னு அடிச்சு அடிச்சு எழுதினே. ஒருநாள் இதே இடத்துல உக்காந்து, இதுக்கு மேல சந்தேகப்பட எனக்குத் தெரியலை அக்கான்னு சொன்னே. உன் கண்ணுல தண்ணி இருந்தது. நான் பார்த்தேன்."

சொல்லும்போது அவள் குரல் உயர்ந்து, தழுதழுத்து, கடைசி வார்த்தையில் உடைந்தது.

அவன் கவனமாகக் கேட்டான். முடிந்ததும் புன்னகைத்தான்.

"நல்லா இருக்கு அக்கா. அந்த மூட்டை ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருக்காவது? நடந்ததுடா!"

"இருக்கும். ஆனா நீ சொல்லும்போது சீன் மாதிரி இருக்கு. சுவர் சீன்கூட இப்படித்தான் இருந்தது. உன் குரல்ல எதைச் சொன்னாலும் நம்பற மாதிரிதான் இருக்கும். அதான் உன் தொழிலே."

அதில் குத்தலே இல்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னான். எழுந்து மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். அவள் பார்க்கிறாளா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் அவள் நினைவூட்ட வேண்டியதே இல்லை.

வல்லி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். முப்பது வருடமாகக் குரலில் ஏற்றக் கற்றுக்கொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி வைக்க முயன்றாள்.

"உக்காரு. இன்னொரு தடவை சொல்றேன்."

அவன் வந்து உட்கார்ந்தான்.

"ரேஷன் கடைக்குப் போயிருந்தே" என்று அவள் ஆரம்பித்தாள், மின்சாரக் கட்டண விவரம் படிப்பவள் மாதிரி. "வெயில்."

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான், அடுத்தவர் வீட்டுக் கதையைக் கேட்பதுபோல, மரியாதையாக.